கூத்தில் பால்மாற்றம்: பாகூர், வில்லியனூர் வட்டாரப் பாரதக் கூத்து மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கதைப் பாத்திரம் ஒன்றின் பாலை மாற்றிப் புதிதாகப் படைத்துக் காட்டும் முறை இன்றைய இரசிகர் புனைவுகளிலும் பாத்திரமேற்பு விளையாட்டுகளிலும் பரவலாக உள்ளது. தமிழ் நிகழ்த்துகலையிலும் கவிதையிலும் இம்முறை நெடுங்காலமாக இயங்கிவருகிறது. புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான பாகூர், வில்லியனூர் ஆகியவற்றை உள்ளடக்கிய தென்னார்க்காட்டுப் பாரதக் கூத்து மரபை மையமாகக் கொண்டு, ஆள்மாற்றம், வேடமாற்றம், பால்மாற்றம் என்னும் மூன்றையும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. பால்மாற்றம் தோற்றத்தை மட்டும் மாற்றுவதன்று. துயரையும் பொறுப்பையும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இடம்பெயர்ப்பது என்பதை அரவான் கதையின் மோகினி வழி நிறுவுகிறது. ஆண் பெண்ணாவதற்கும் பெண் ஆணாவதற்கும் மரபு அளிக்கும் இடம் ஒத்ததன்று என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பால்மாற்றம், வேடமாற்றம், தெருக்கூத்து, மோகினி, அரவான், பெண் வேஷம், கண்ணம்மா, அல்லி.

1. முன்னுரை

அறிமுகமான ஒரு பாத்திரத்தின் பெயர், குணம், கதை ஆகியவற்றை வைத்துக்கொண்டு பாலை மட்டும் மாற்றினால் அப்பாத்திரம் அதே பாத்திரமாக இருக்குமா? உலகெங்கும் இளைய வாசகர் தமக்கு விருப்பமான நாயகர்களைப் பெண்களாகவும் நாயகியரை ஆண்களாகவும் மாற்றி எழுதியும் வேடமிட்டும் விளையாடும்போது இவ்வினாவே எழுகிறது. இதனைப் புதிய ஊடகச் சூழலின் விளைவாக மட்டும் காண்போர் உளர். ஆயின், கண்ணனை மோகினியாக்கி அவளுக்குத் தாலி கட்டி, மறுநாளே அத்தாலியை அறுத்து அழவைக்கும் ஒரு மரபு தமிழகத்தின் வடபகுதியிலும் புதுச்சேரியிலும் இன்றும் உயிரோடு உள்ளது. எனவே இவ்வினாவைத் தமிழ் மரபின் உள்ளிருந்தே எழுப்புவது பொருத்தமுடையது.

பெண் வேடமிடும் ஆண் கலைஞர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒப்பனைத் திறன், குரல் நயம், சமூக ஏளனம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. நடிப்பவரின் பால், பாத்திரத்தின் பால், கதைக்குள் நிகழும் மாற்றம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் குழப்பப்படுவதே இதற்குக் காரணம். இவற்றைப் பிரித்து நோக்குவதும், பிரித்தபின் பாத்திரத்தில் உண்மையில் எது மாறுகிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. மூவகை மாற்றங்கள்

இக்கட்டுரை மூன்று சொற்களை வரையறுத்துக் கையாள்கிறது.

ஆள்மாற்றம் என்பது பாத்திரத்தின் பால் மாறாதிருக்க, நடிப்பவர் வேறு பாலினராக இருப்பது. ஆண் கலைஞர் திரௌபதியாக வருவது இதற்குச் சான்று. திரௌபதி கதையில் பெண்ணே; அவையும் அவளைப் பெண்ணாகவே கொள்கிறது.

வேடமாற்றம் என்பது பாத்திரம் தன் பாலை உள்ளே வைத்துக்கொண்டு புறத்தே மறைப்பது. கீசகனைக் கொல்ல வீமன் பெண்கோலம் பூண்டு காத்திருப்பது இவ்வகை. அங்கே வீமன் வீமனே. கீசகன் மட்டுமே அறியாதவன்.

பால்மாற்றம் என்பது பாத்திரமே வேறு பாலினதாகி, அப்பாலுக்குரிய உறவுகளையும் கடமைகளையும் ஏற்பது. கண்ணன் மோகினியாவதும், அம்பை சிகண்டியாவதும், பாரதியின் கவிதையில் கண்ணன் கண்ணம்மாவாவதும் இதில் அடங்கும்.

கூத்து மேடையில் இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவது உண்டு. மோகினியாக வரும் ஆண் கலைஞர், பெண்ணாகிய கண்ணனை நடிக்கிறார். அவையோர் காண்பது ஓர் ஆண் உடல், ஒரு பெண் வேஷம், அதனுள் ஓர் ஆண் தெய்வம் என்னும் மூன்றடுக்கு. இவ்வடுக்குகளைத் தனித்தனியே காணாதவிடத்து, மோகினியின் அழுகை ஒப்பனைத் திறனின் ஒரு பகுதியாக மட்டும் தோன்றி மறையும்.

3. இலக்கண, இலக்கிய மரபில் பால்மாற்றம்

பால் என்பதைத் தமிழ் இலக்கணம் சொல்லின் ஈற்றோடு இணைத்துக் காண்கிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்த பெயரையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்துக் கூறுவது கருதத்தக்கது. இவ்விரண்டிற்கும் பாலை அறிவிக்கும் தனி ஈறு இல்லை. உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளையே ஏற்று நிற்கும் என்பது அதன் கருத்து. ஆண்மை திரிந்த பெயர் ஆண்பாற் சொல்லோடு முடிதற்கு இடமில்லை என்று பிறிதொரு நூற்பா வரையறுக்கிறது. தெய்வமும் பேடியும் இலக்கணத்தில் அருகருகே நிற்கும் இந்நிலை, தெய்வமே பால் மாறி வரும் மோகினியைப் புரிந்துகொள்ள ஒரு வாயிலாகிறது.

நன்னூலார் வழுவமைதி கூறுமிடத்து, உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மயங்கி வருதலை ஏற்றுக்கொள்கிறார். பெற்ற மகனை மகிழ்ச்சி மிகுதியால் அம்மை என்று பெண்பாலாக்கி அழைத்தல் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மகளை 'வாடா கண்ணா' என்றழைக்கும் இன்றைய வீட்டு வழக்கும் இதன்பாற்படும். உவப்பும் இழிப்பும் ஒரே பட்டியலில் இடம்பெறுவது இங்குக் குறிக்கத்தக்கது. பால் மாற்றி அழைத்தல் அன்பின் உச்சமாகவும் இருக்கலாம். இகழ்ச்சியின் கருவியாகவும் இருக்கலாம். ஆண்மகனை வளையல் அணிந்தவன் என்று ஏசும் வழக்கிலும், மகளை ஐயா என்று கொஞ்சும் வழக்கிலும் ஒரே இலக்கணம் இருவேறு பயன் தருகிறது.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் ஒன்று பேடு. வாணனின் நகரில் சிறைப்பட்ட அநிருத்தனை மீட்கும் பொருட்டுக் காமன் பேடி உருக்கொண்டு ஆடியதாகக் கதை கூறும் ஆடல் இது. ஆண் தெய்வம் பேடியாகி ஆடிய ஆடலை ஒரு பெண் அரங்கில் ஆடிக் காட்டுகிறாள். மேற்சொன்ன மூன்றடுக்கு நிலையின் மற்றொரு வடிவம் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

பக்தி மரபில் மாற்றம் வேறொரு திசையில் நிகழ்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் தம்மைப் பாவித்துத் திருமாலைப் பாடினர். அங்கே பாடப்படும் தெய்வம் ஆணாகவே நிற்க, பாடுபவரின் பாலே மாறுகிறது. பாடுபவர் மாறுவதா, பாடப்படுபவர் மாறுவதா என்னும் இத்தெரிவு பின்னர்ப் புதுச்சேரியில் பாரதியிடம் வேறொரு விடையைப் பெற்றது. அதனை ஏழாம் பகுதியில் காணலாம்.

4. களம்: இரு கொம்யூன்களும் கூத்தும்

புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளில் பாகூரும் வில்லியனூரும் அடங்கும். மூலநாதர் கோயிலின் சோழர் கல்வெட்டுகளாலும், பல்லவர் காலக் கல்விநிலையம் ஒன்றைக் குறிக்கும் செப்பேடுகளாலும் பாகூர் அறியப்பட்டது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலின் தேரோட்டத்தால் பெயர் பெற்றது. புதுச்சேரி நிலப்பகுதி தொடர்ச்சியானதன்று. கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களோடு விரல் கோத்தாற்போல் பின்னிக் கிடக்கிறது. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 வரை இந்நிலத்தை அரசியலால் பிரித்திருந்தபோதும், கூத்தின் பண்பாட்டு எல்லை அவ்வாறு பிரியவில்லை. பழைய தென்னார்க்காட்டின் திரௌபதி அம்மன் வழிபாடும், அதனோடு இணைந்த பாரதப் பிரசங்கமும், இரவுக் கூத்தும், தீமிதியும் இரு பக்கத்து ஊர்களுக்கும் பொது.

இவ்வழிபாட்டில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்ல, இரவில் அதே பகுதி கூத்தாக நிகழும். வில்வளைப்பு, துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கீசகன் வதை, அரவான் களப்பலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்னும் வரிசை ஊருக்கு ஊர் கூடியும் குறைந்தும் வரும். நாடகம் வேறு, சடங்கு வேறு என்னும் பிரிவு இங்குச் செல்லுபடியாவதில்லை. பாத்திரம் மேடையில் மட்டும் வாழாது, கோயிலில் சிலையாகவும், களத்தில் மண்ணுருவாகவும், நேர்த்திக்கடன் செலுத்துவோரின் உடலிலும் வாழ்கிறது. இந்நிலையில் பாத்திரத்தின் பாலை மாற்றுவது கற்பனை விளையாட்டாக மட்டும் அமைவதில்லை.

5. ஆள்மாற்றம்: பெண் வேஷத்தின் இலக்கணம்

கூத்தில் பாலை உணர்த்தும் முதற்கருவி கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய மரத்தாலான அணிகளைப் பூண்டு வருபவை கட்டை வேஷங்கள். அரசரும் வீரரும் இவ்வகையினர். பெண் வேஷத்திற்கு இக்கட்டைகள் இல்லை. சேலை, சவுரி முடி, வளையல், பொட்டு என்று நாள்தோறும் ஊர்ப் பெண்கள் அணிவனவற்றின் அருகிலேயே அது நிற்கிறது. ஆண் பாத்திரம் மரக்கட்டைகளால் மனித அளவை மீறிப் பெருக்கப்படுகிறது. பெண் பாத்திரம் மனித அளவிலேயே வைக்கப்படுகிறது. துரியோதனனைப் போல் ஊரில் எவரும் உடுத்துவதில்லை. திரௌபதியைப் போல் உடுத்திய பெண்கள் அவையிலேயே அமர்ந்திருப்பர்.

இவ்வண்மை பெண் வேஷக்காரரை இருவேறு நிலைகளில் நிறுத்துகிறது. கட்டியக்காரன் பெண் வேஷத்தோடு உரையாடுகையில், உள்ளிருக்கும் ஆணை நினைவூட்டிக் கேலி பேசுவது கூத்தின் இயல்பான நகைச்சுவை. துகிலுரிதலில் அக்கேலி அடங்கிவிடும். துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்குவது பல ஊர்களில் வழக்கம். சற்றுமுன் ஆள்மாற்றத்தைச் சுட்டிச் சிரித்த அவை, இப்போது அவ்வுடலையே அம்மனாகக் கொண்டு கைகூப்புகிறது. நடிப்பவர் ஆண் என்பதை அவை மறந்துவிடுவதில்லை, அறிந்தே வணங்குகிறது. ஆள்மாற்றத்தில் பாத்திரத்தின் பால் நிலையானது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வழக்கம் கூத்தோடு நிற்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அதன் வழிவந்த பாலர் சபைகளிலும் சிறுவர்களே பெண் பாத்திரங்களை ஏற்றனர். அங்குப் பயின்ற தி. க. சண்முகம் பிற்காலத்தில் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழ், 'ஔவை சண்முகம்' என அவர் பெயரோடே ஒட்டிக்கொண்டது. சுவாமிகள் தம் இறுதிக்காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 1922 நவம்பர் 13 அன்று அங்கேயே மறைந்தார். அவர் அடக்கமான இடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

6. வேடமாற்றம்: வீமனும் பிருகந்நளையும்

விராட பருவக் கூத்து வேடமாற்றத்தின் இருவேறு எல்லைகளைக் காட்டுகிறது. கீசகன் வதையில் வீமன் சேலை உடுத்தி இருளில் காத்திருக்கும் காட்சி நகைப்புக்குரியது. பெருத்த உடலும் மெல்லிய கோலமும் பொருந்தாமையே அந்நகைப்பின் ஊற்று. மாற்றம் முழுமையடையாமல் இருப்பதுதான் காட்சியின் வெற்றி. கீசகன் தொட்டவுடன் சேலை பயனற்றதாகி வீமன் வெளிப்படுகிறான். பெண்ணாக இருந்த அச்சிறு பொழுதில் வீமன் எதனையும் இழக்கவில்லை, எதனையும் கற்கவுமில்லை.

அருச்சுனன் பிருகந்நளையாவது இதனின் வேறுபட்டது. ஊர்வசியின் சாபத்தால் வந்த பேடித்தன்மை ஓராண்டு அவன் உடலிலேயே தங்குகிறது. இஃது உடையை மட்டும் மாற்றும் செயலன்று. வேடமாற்றத்திற்கும் பால்மாற்றத்திற்கும் இடைப்பட்ட நிலை. உத்தரைக்கு ஆடல் கற்பிக்கும் ஆசானாக அவன் வாழ்கிறான். பின்னர்ப் பகைவர் ஆநிரை கவர்ந்தபோது, வீரம் பேசிய இளவரசன் உத்தரன் களத்தைக் கண்டு அஞ்சி ஓட, தேரோட்டியாக வந்த பிருகந்நளையே அவனைத் தடுத்து நிறுத்திப் போரை வெல்கிறாள். ஆண்மை என்பது உடலின் குறியா, செயலின் குறியா என்னும் வினா இங்கே அவைமுன் வைக்கப்படுகிறது. ஆயினும் கதை அவ்வினாவை முற்றுவிக்காமல், அருச்சுனனைப் பழைய உருவிற்கு மீட்டுக்கொள்கிறது. மீட்சி உறுதி என்பதால் மாற்றம் அச்சமூட்டுவதில்லை.

7. பால்மாற்றம்: மோகினியும் கண்ணம்மாவும்

மோகினி தமிழ் மரபில் ஒருத்தி அல்லள். பாற்கடல் கடைந்த கதையில் வரும் மோகினி அசுரரை மயக்கி அமுதத்தைத் தேவர்க்கு அளித்து மறைபவள். அவள் அழகு ஒரு கருவி. செயல் முடிந்ததும் திருமால் எவ்விழப்புமின்றித் தன் உருவிற்குத் திரும்புகிறார். சிவனோடு கூடி ஐயனாரைப் பெற்ற மோகினியை அடுத்துக் காண்கிறோம். ஊர் எல்லைதோறும் ஐயனார் வீற்றிருக்கும் இவ்வட்டாரத்தில், பால் மாறிய தெய்வத்தின் மகனே ஊர்க்காவலன் என்பது இயல்பான செய்தியாகிவிட்டது. மூன்றாவது மோகினி அரவானின் மனைவி. அவளே இக்கட்டுரையின் மையம்.

அரவான் களப்பலி தமிழில் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த பெருந்தேவனார் பாரத வெண்பாவிலேயே அக்கதை இடம்பெறுகிறது, வில்லிபாரதமும் கூறுகிறது. ஆனால் அரவானுக்காகக் கண்ணன் மோகினியாகி மணந்தமை வில்லிபாரதத்தில் இல்லை. அது வாய்மொழி மரபும் கூத்தாண்டவர் வழிபாடும் வளர்த்தெடுத்த பகுதி. மூலக் கதையில் இல்லாத ஒரு பால்மாற்றத்தை மக்கள் ஏன் சேர்த்தனர் என்பதே இங்கு எழும் வினா.

கதையின் கட்டமைப்பில் விடை உள்ளது. பாண்டவர் வெற்றிக்கு முப்பத்திரண்டு இலக்கணமும் பொருந்திய ஒருவன் களப்பலியாக வேண்டும். அத்தகுதி உடையவராகக் கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகியோரைக் கதை சுட்டும். கண்ணன் இல்லையேல் பாண்டவர்க்குத் துணையில்லை. அருச்சுனன் இல்லையேல் போரில்லை. எனவே நாகர்மகள் பெற்ற பிள்ளையான அரவான் தெரிந்தெடுக்கப்படுகிறான். அத்தெரிவின் சூத்திரதாரி கண்ணன். சாகுமுன் மணம் முடிக்க அரவான் விரும்பும்போது, மறுநாள் கைம்பெண்ணாகத் தன் மகளைத் தர எவரும் முன்வரவில்லை. அப்போது கண்ணனே மோகினியாகி மாலை சூடுகிறான்.

பலிக்குத் தகுதியுடையோருள் தானும் ஒருவனாயிருந்து, மற்றொருவனைப் பலிக்கு நிறுத்தியவன், அப்பலியால் விளையும் துயரைத் தானே ஏற்கும்படி கதை அமைந்துள்ளது. ஆணாக இருந்தவரை கண்ணனுக்கு அரவானின் சாவு போர்த்தந்திரம். பெண்ணான பின் அதே சாவு கணவனின் சாவு. தாலி அறுத்தல், வளையல் உடைத்தல், பூவும் பொட்டும் இழத்தல் என்று ஊர்ப்பெண்கள் அறிந்த அனைத்தும் அவனுக்கு நேர்கின்றன. மாயனுக்கு இதில் எதுவும் மாயமன்று. அரவானுக்கு மனைவியாக வேறொரு பெண் பாத்திரம் வரும் கூத்து மரபுகளும் உண்டு. அங்கே புலம்பல் அப்பெண்ணுக்கு உரியதாகிவிட, கண்ணன் அழாத சூத்திரதாரியாகவே நின்றுவிடுகிறான். இரு வடிவங்களையும் ஒப்பிட்டால் பால்மாற்றத்தின் பணி தெளிவாகும். அது திட்டமிட்டவனிடமே துயரைக் கொண்டு சேர்க்கிறது.

இதனால் மோகினியைப் பெண்ணாக்கப்பட்ட கண்ணன் என்று மட்டும் வரையறுப்பது போதாது. கண்ணனால் கண்ணனாக இருந்து செய்ய இயலாத ஒன்றை, அதாவது தான் நிகழ்த்திய சாவிற்காக அழுவதை, இயலச் செய்யும் வடிவம் அவள். போர்க்களத்தில் ஆண் பாத்திரங்களுக்கு அழுகை மிகுதியும் வஞ்சினத்தில் சென்று முடியும். வஞ்சினமற்ற அழுகையைக் கூத்து பெண் வேஷத்திற்கே ஒதுக்கி வைத்துள்ளது. இங்கு ஒரு குறைபாடும் வெளிப்படுகிறது. குற்றவுணர்வை உணர்வதற்கு ஆண் பெண்ணாக மாற வேண்டியிருக்கிறது என்பது, துயரைச் சுமப்பது பெண்ணின் பங்கு என்னும் முற்கோளின் மீதே நிற்கிறது.

கண்ணனின் பாலை மாற்றிய மற்றொரு படைப்பு புதுச்சேரி நகரில் உருவானது. பாரதி 1908 முதல் 1918 வரை பிரெஞ்சுப் புதுவையில் வாழ்ந்தார். அவர் படைத்த கண்ணன் பாட்டு 1917இல் பரலி சு. நெல்லையப்பர் முயற்சியால் சென்னையில் நூலாயிற்று. இருபத்து மூன்று பாடல்களைக் கொண்ட அந்நூலில் கண்ணன் தோழன், தந்தை, அரசன், சேவகன், சீடன் எனப் பல உறவுகளில் வருகிறான். காதலனாக வருமிடத்துப் பாடுபவரே பெண்ணாகிறார்; இஃது ஆழ்வார்களின் வழி. காதலியாகவும் குழந்தையாகவும் குலதெய்வமாகவும் வருமிடத்துப் பாடப்படுபவர் கண்ணம்மாவாகிறார். இது பாரதி அதனோடு சேர்த்த வழி. பாடுபவரை மாற்றுதல், பாடப்படுபவரை மாற்றுதல் ஆகிய இரண்டும் ஒரே நூலில் அருகருகே இடம்பெறுகின்றன.

தாயாக வருமிடத்தோ பெயர் மாறவில்லை. 'கண்ணன் என் தாய்' என்றே தலைப்பு நிற்கிறது. காதலுக்கும் குழந்தைமைக்கும் பெயரைப் பெண்பாலாக்கிய கவிஞர், தாய்மைக்குப் பெயரை மாற்றவில்லை. தாய்மை கண்ணனிடம் பால் மாறாமலே பொருந்தக்கூடிய ஒரு பண்பாகக் கொள்ளப்பட்டது எனலாம். ஆயினும் கண்ணம்மாவுக்கும் மோகினிக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. கண்ணம்மா காதலிக்கப்படுகிறாள், கொஞ்சப்படுகிறாள், வணங்கப்படுகிறாள். அவள் எதற்கும் விலை கொடுப்பதில்லை. மோகினி ஒரே இரவில் மனைவியாகி மறுநாள் கைம்பெண்ணாகிறாள். நகரத்துக் கவிதையில் பால்மாற்றம் அன்பின் வழி. நன்னூல் கூறும் உவப்பின் விரிவு. கூத்து மரபில் அது பொறுப்பின் வழி.

8. எதிர்த்திசை: அல்லியும் சிகண்டியும்

ஆண் பெண்ணாகும் கதைகளைப் போற்றும் மரபு, பெண் ஆணின் இடத்தைக் கொள்ளும் கதைகளை எவ்வாறு நடத்துகிறது? புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலையும் அதன்வழிக் கூத்தும் நாடகமும் இதற்கு விடை தருகின்றன. அல்லி மதுரையை ஆள்பவள், பெண்களால் ஆன படையும் அரண்மனையும் உடையவள், ஆண்களை அண்டவிடாதவள். அரசனுக்குரிய பாத்திரத்தைப் பெண்ணாக வார்த்த வடிவம் எனலாம். கதை அவளை நீண்டநாள் அவ்வாறு விட்டுவைக்கவில்லை. அருச்சுனன் கண்ணன் துணையோடு பாம்புருவில் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான். அதன்பின் அவள் புலந்திரனின் தாய்.

இரு தாலிகளையும் ஒப்பிட்டுக் காணலாம். மோகினியின் கழுத்தில் ஏறிய தாலி கண்ணன் அறிந்து ஏற்றது. அதிலிருந்து அவன் ஆணாக மீள்கிறான். அல்லியின் கழுத்தில் ஏறிய தாலி அவள் அறியாமல் கட்டப்பட்டது. அவளுக்கு மீட்சி இல்லை. இரண்டையும் ஏற்பாடு செய்தவன் ஒரே கண்ணன்.

அம்பை சிகண்டியாவது மறுதிசைப் பால்மாற்றத்தின் முழுமையான சான்று. வீடுமனால் வாழ்விழந்த பெண், ஆணாகி அவன் வீழ்ச்சிக்குக் காரணமாகிறாள். இங்கும் பால்மாற்றம் பொறுப்பைக் கேட்பதாகவே அமைகிறது. ஆனால் வீடுமன் சிகண்டியை ஆணாக ஏற்க மறுத்து வில்லைத் தாழ்த்துகிறான். அம்மறுப்பே போரின் வெற்றிக்குப் பயன்படுகிறது. மோகினியைப் பெண்ணாக ஏற்ற கதையுலகம் சிகண்டியை ஆணாக ஏற்கவில்லை. அ. மங்கை 'பனித்தீ' நாடகத்தில் அம்பை, சிகண்டி கதையைப் பெண்நோக்கில் மேடையேற்றியது, இவ்வேற்பின்மையைப் பேசுபொருளாக்கிய முயற்சி.

மேடையின் ஆள்மாற்றத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. ஆண் பெண் வேஷமிடுவது கூத்தின் விதி. பெண் ஆண் வேஷமிடுவது விதிவிலக்கு. நகர நாடக உலகில் கும்பகோணம் பாலாமணி அம்மாளின் மகளிர் குழு இவ்விலக்கை முன்னரே நிகழ்த்திக் காட்டியது. கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். தி. க. சண்முகம் மேடையில் ஏற்ற ஔவையார் பாத்திரத்தை 1953இல் திரையில் ஏற்றவரும் அவரே. கூத்திலோ இம்மாற்றம் தாமதமாகவே வந்தது. பெருங்கட்டூர் இராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் முன்னின்று காஞ்சிபுரத்தை அடுத்து வளர்த்த கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் கட்டை வேஷம் பயின்று ஆடினர். பெண்ணுடல் புஜக்கட்டை பூண்டபோது, அக்கட்டைகள் உணர்த்தியது ஆண்மையையா, அரசுரிமையையா என்னும் வினா முதன்முறையாக மேடையிலேயே எழுந்தது.

9. மோகினியும் திருநங்கையரும்

இதுவரை கூறியவை பாத்திரங்களைப் பற்றியவை. கூத்தாண்டவர் வழிபாட்டில் பாத்திரம் மேடையை விட்டு இறங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் சித்திரை மாதத்தில் நிகழும் விழா பரவலாக அறியப்பட்டது. புதுச்சேரியின் ஊரகப் பகுதியில் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் திருவிழா நிகழ்கிறது. திருநங்கையர் பூசாரி கையால் தாலி பெற்று அரவானின் மனைவியராகின்றனர். மறுநாள் அரவான் பலியான பின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகின்றனர். நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் கூவாகத்தில் உண்டு.

ஒரே சடங்கில், ஒரே மோகினியின் இடத்தில், இருவகையினர் நிற்கின்றனர். நேர்த்திக்கடன் செலுத்தும் ஆணுக்கு மோகினியின் இடம் ஒரு நாளுக்கு உரியது. மறுநாள் அவர் வேட்டியோடு வயலுக்குத் திரும்புகிறார். கண்ணனைப் போன்றே அவருக்கும் மீட்சி உறுதி. திருநங்கைக்கோ மோகினி மாற்றுருவம் அல்லள். தம் பாலுக்கு ஊரறியச் சான்று கூறும் ஒரே இதிகாச உறவாக அவர்கள் அவளைக் கொள்கின்றனர். ஆகவே 'பால் மாற்றப்பட்ட பாத்திரம்' என்னும் தொடர் இங்கே தடுமாறுகிறது. கதைசொல்லிக்கு மோகினி மாற்றப்பட்ட கண்ணன்; திருநங்கைக்கு மோகினி மோகினியே. உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தவர் உரிமையை ஏற்பதற்கு நெடுங்காலம் முன்பே, தெய்வத்தின் மனைவி என்னும் தகுதியை இச்சடங்கு வழங்கியிருந்தது. அத்தகுதி மணக்கோலத்திற்கு ஓரிரவையும், துயருக்கு எஞ்சிய காலத்தையும் ஒதுக்கியது என்பதும் உண்மை. சடங்கின் பெருமையை எழுதுவோர் இவ்விரண்டாவது பகுதியை விட்டுவிடலாகாது.

10. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு. பாத்திரத்தின் பாலோடு தொடர்புடைய மாற்றங்களை ஆள்மாற்றம், வேடமாற்றம், பால்மாற்றம் எனப் பிரித்து நோக்கும்போதே கூத்துப் பனுவல்களின் உட்பொருள் விளங்கும். ஆள்மாற்றத்தில் பாத்திரம் மாறுவதில்லை. வேடமாற்றத்தில் மாறுவதுபோல் தோன்றி மீள்கிறது. பால்மாற்றத்தில் உறவும் கடமையும் துயரும் மாறுகின்றன.

அரவான் கதையில் மோகினியைச் சேர்த்த மக்கள் மரபு, பலியைத் திட்டமிட்ட தெய்வத்தை அப்பலியின் கைம்பெண்ணாக்கியது. பாரதியின் கண்ணம்மா அன்பைப் பெருக்கும் பால்மாற்றம்; மோகினி பொறுப்பைக் கேட்கும் பால்மாற்றம். எனினும் அல்லியும் சிகண்டியும் காட்டுவதுபோல், இவ்வுரிமை இருபாலார்க்கும் ஒப்ப வழங்கப்படவில்லை. ஆண் பெண்ணாகித் திரும்பலாம். பெண் ஆணின் இடம் கொண்டால் அடக்கப்படுவாள், அன்றி ஏற்கப்படாமல் நிற்பாள்.

இன்றைய இரசிகர் புனைவுகளில் ஒரு நாயகனைப் பெண்ணாக மாற்றி எழுதும் இளையவர், உடையையும் பெயரையும் மட்டுமே மாற்றுகிறாரா, அன்றி அந்நாயகன் இதுவரை பிறர்மேல் ஏற்றிய துயரை அவனே ஏற்கும்படி செய்கிறாரா என்னும் அளவுகோல் கொண்டு அப்புனைவுகளையும் மதிப்பிடலாம். பாகூர், வில்லியனூர் ஊர்களில் நிகழும் கூத்துகளின் பனுவல்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அரவானுக்காக எங்கெங்கு மோகினி அழுகிறாள், எங்கெங்கு வேறு பெண் அழுகிறாள் என்று பட்டியலிடுவது இதன் தொடராய்வாக அமையும். அழுபவர் யார் என்பதில்தான் அவ்வூர் கண்ணனை எங்கே நிறுத்துகிறது என்பதும் அடங்கியுள்ளது.